புயல் கரையைக் கடந்த மறுநாள்

‘புயல் கரையைக் கடந்தது’ என்று டி.வி.யில் சிவப்புப் பட்டை ஓடியதும், கடற்கரையில் மைக் பிடித்து நின்றவர் குடையை மடக்குவார். சென்னைக்காரர்கள் பெருமூச்சு விடுவார்கள். வந்தவாசிப் பக்கத்துக்காரர்களுக்கு அந்த நேரத்தில்தான் வயிற்றில் புளி கரையும். கரையைக் கடந்த புயல் அங்கேயே மறைந்துவிடுவதில்லை, மேற்கே நடக்கிறது. மரக்காணம் கடற்கரைக்கும் எங்கள் ஊருக்கும் நேர்க்கோட்டில் ஐம்பது கிலோமீட்டர்தான். நடுவில் தடுக்க மலை ஒன்றும் கிடையாது.

ஐப்பசி பிறந்துவிட்டால் இந்தப் பேச்சுதான். தட்டான் தாழப் பறக்கிறதா, எறும்பு முட்டையைத் தூக்கிக்கொண்டு சுவரேறுகிறதா என்று பெரியவர்கள் பார்ப்பார்கள். பிள்ளைகள் செல்போனில் பச்சையும் மஞ்சளும் சிவப்புமாகச் சுழலும் ரேடார் படத்தைப் பார்ப்பார்கள். இரண்டு பேரும் பார்க்க மறப்பது ஒன்று உண்டு. புயல் வருகிற நாளைப் பார்க்கிறோம். அது கடந்த மறுநாளைப் பார்ப்பதில்லை.

2024-இல் வந்த ஃபெஞ்சலை நினைத்துப் பாருங்கள். நவம்பர் 30, சனிக்கிழமை. மாலையில் புதுச்சேரி அருகே கரையேறத் தொடங்கி, இரவு முழுதாக ஏறி முடிந்தது. காற்றின் வேகத்தைப் பார்த்தால் தானே, வர்தா, கஜா அளவுக்கு அது பெரிய புயலே அல்ல. ‘அப்பாடா, பெரிசா ஒண்ணும் இல்லை’ என்று பல வீடுகளில் ஞாயிற்றுக்கிழமைக் குழம்புக்கு மசாலா அரைத்தார்கள். ஆனால் புயல் நகரவில்லை. புதுச்சேரிக்குப் பக்கத்திலேயே மணிக்கணக்கில் உட்கார்ந்துவிட்டது. உட்கார்ந்த இடத்திலிருந்து கொட்டித் தீர்த்தது. பிறகு மெல்ல எழுந்து விழுப்புரம், திருவண்ணாமலை, கிருஷ்ணகிரி என்று உள்ளே நடந்தது.

அந்த ஞாயிறு மாலைதான் திருவண்ணாமலையில் வ.உ.சி. நகர் மேல் மலைச்சரிவு இறங்கியது. பாறையும் சேறும் வந்து ஒரு வீட்டை மூடிவிட்டன. உள்ளே ஏழு பேர். அவர்களில் ஐந்து பேர் குழந்தைகள். யாரும் பிழைக்கவில்லை. அதே இரவு கிருஷ்ணகிரி மாவட்டம் ஊத்தங்கரையில் சுமார் 50 செ.மீ. மழை. சாலையோரம் நின்ற வேன்களையும் கார்களையும் வெள்ளம் தீப்பெட்டி மாதிரி உருட்டிக்கொண்டு போனதை எல்லோரும் வாட்ஸ்அப்பில் பார்த்திருப்பீர்கள். டிசம்பர் 2 அதிகாலையில் சாத்தனூர் அணையிலிருந்து தென்பெண்ணையில் திறந்த தண்ணீர் விநாடிக்கு 1,68,000 கன அடி. கீழே விழுப்புரம், கடலூர் மாவட்டத்து ஊர்கள் அப்போது தூங்கிக்கொண்டிருந்தன. இவை அத்தனையும் ‘கரையைக் கடந்தது’ என்ற அறிவிப்புக்குப் பிறகு நடந்தவை. ஊத்தங்கரை கடலிலிருந்து நூறு கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கிற ஊர்.

இது ஏன் இப்படி? கடலின் வெதுவெதுப்பான நீர்தான் புயலுக்குத் தீனி. நிலத்துக்கு வந்ததும் தீனி நின்றுவிடுகிறது, காற்று தளர்கிறது. ‘வலுவிழந்தது’ என்று செய்தியில் சொல்வது இந்தக் காற்றைத்தான். ஆனால் ஏற்கெனவே மேலே ஏற்றி வைத்திருக்கும் ஈரம் எங்கே போகும்? விழத்தான் வேண்டும். போகிற வழியில் அண்ணாமலை, ஜவ்வாது மலை, கல்வராயன் மலை என்று ஏதாவது குறுக்கே நின்றால், ஈரக்காற்று அதில் மோதி மேலேறிக் குளிர்ந்து இன்னும் கொட்டும். புயல் வேகமாக ஓடினால் மழையைப் பல ஊர்களுக்குப் பங்கிட்டுக் கொடுக்கும். மெதுவாக நடந்தால் இருக்கிற இடத்திலேயே தலையில் கவிழ்க்கும். என்னைக் கேட்டால், காற்று எத்தனை கிலோமீட்டர் வேகம் என்பதைவிட, புயல் எத்தனை கிலோமீட்டர் வேகத்தில் நகர்கிறது என்பதைத்தான் உள்மாவட்டத்துக்காரர்கள் கவனிக்க வேண்டும். வானிலை அறிக்கையில் இரண்டும் சொல்கிறார்கள். டி.வி. முதல் எண்ணை மட்டும் பெரிய எழுத்தில் போடுகிறது.

செ.மீ. கணக்கும் அப்படித்தான். ‘20 செ.மீ.க்கு மேல், சிவப்பு எச்சரிக்கை’ என்றால் ஏதோ ஸ்கேல் அளவு போலத் தெரிகிறது. ஒரு சதுர மீட்டரில் 1 மி.மீ. மழை பெய்தால் ஒரு லிட்டர். 1,200 சதுர அடி மொட்டை மாடியில் 20 செ.மீ. பெய்தால் 22,000 லிட்டர் தாண்டும். கிட்டத்தட்ட இரண்டு டேங்கர் லாரித் தண்ணீர், உங்கள் வீட்டு மாடிக்கு மட்டும். ஒரு ஏக்கர் கழனிக்கு எட்டு லட்சம் லிட்டர். வடகிழக்குப் பருவமழை மூன்று மாதமும் சேர்த்துத் தமிழ்நாட்டுக்குச் சராசரியாகக் கிடைப்பதே 44 செ.மீ. போலத்தான். ஊத்தங்கரை அதை ஒரே நாளில் வாங்கிக்கொண்டது.

எங்கள் பக்கம் மழைக்கென்று ஒரு சந்தோஷமும் உண்டு. அதைச் சொல்லாவிட்டால் பாவம். இது ஏரிகளின் நாடு. பல்லவர் காலத்துத் தூசி–மாமண்டூர் ஏரியிலிருந்து பெயர் தெரியாத சின்னத் தாங்கல் வரை ஒன்று நிரம்பி ஒன்றுக்குத் தண்ணீர் விடும்படி வெட்டி வைத்திருக்கிறார்கள். ‘ஏரி கோடி போவுது’ என்று ஒரு சத்தம் கேட்டால் போதும், ஊரே கிளம்பிவிடும். கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு பெண்கள், கொசுவலையோடு பையன்கள், கலங்கலில் கற்பூரம் ஏற்றுகிறவர்கள். ஒரு திருவிழாவுக்கு வேண்டிய எல்லாம் இருக்கும், பஞ்சுமிட்டாய் உட்பட. அதே ஏரியின் கரையில் அன்று இரவு நாலு பேர் டார்ச் லைட்டோடு நடப்பார்கள். எலி வளை வழியாக நீர் கசிகிறதா, மதகுப் பக்கம் மண் இளகுகிறதா என்று பார்க்க. மேல் ஏரி உடைந்தால் அந்தத் தண்ணீர் மொத்தமும் கீழ் ஏரிக்கு ஒரே நேரத்தில் வரும். பகலில் செல்ஃபி எடுத்தவர்களுக்கு அந்த நாலு பேரைத் தெரியாது.

இனி மழை நாளில் கூலி நின்றுபோகிற வீடுகளைப் பற்றி.

வந்தவாசி என்றால் பாய். கோரையைக் கீறி, சாயம் ஏற்றி, வெயிலில் காயவைத்து நெய்கிற தொழில். நாலு நாள் வெயில் இல்லை என்றால் காயாத கோரையில் பூஞ்சை பிடித்துக் கறுத்துவிடும். கறுத்த கோரையில் நெய்த பாயை எந்தக் கல்யாண வீடு வாங்கும்?

நாற்பது கிலோமீட்டர் சொச்சம் தள்ளி ஆரணி. அங்கே பட்டு. பட்டுக்கு மழை இன்னும் பெரிய எதிரி. விடியற்காலையில் தெருவில் பாவை நீட்டிக் கட்டி, கஞ்சி தெளித்து, இழை பிரித்து உலர்த்துவதைப் பார்த்திருக்கிறீர்களா? தெருவே பட்டாகிவிடும். அடைமழையில் அந்தத் தெரு இல்லை. சாயம் போட்ட பட்டு காயாது. தறியில் ஏற்கெனவே ஏற்றிய பாவும் காற்றிலிருக்கிற ஈரத்தில் பிசுபிசுத்து அச்சில் ஒட்டும், இழை அறும், அறுந்ததை முடிந்துகொண்டே இருக்க வேண்டும். ஜக்கார்டு அட்டைகள் ஈரத்தில் உப்பினால் பூ ஒரு பக்கம் கொடி ஒரு பக்கம் போகும்.

எல்லாவற்றுக்கும் மேல் குழித்தறி. நெசவாளர் கால் வைத்து மிதிக்கிற அந்தப் பள்ளத்தில் தரையடியிலிருந்து தண்ணீர் ஊறும். காலையில் எழுந்ததும் வீட்டுக்காரம்மா செய்கிற முதல் வேலை, காபி போடுவது இல்லை. குழியிலிருந்து சொம்பால் தண்ணீர் மொண்டு வாளியில் ஊற்றுவது. மத்தியானம் மறுபடி ஊறியிருக்கும்.

கூலி சேலைக்கு இத்தனை என்றுதான். சேலை இறங்காவிட்டால் கூலி இல்லை. ஒரு புயல் கரையைக் கடக்க ஒரு இரவு. குழி காய்ந்து, பாவு காய்ந்து, தறி மறுபடி சத்தம் போட இரண்டு வாரமும் ஆகலாம். கூரை போனால் கணக்கெடுக்க ஆள் வருகிறார். மாடு செத்தால், பயிர் மூழ்கினால் படிவம் இருக்கிறது. ஓடாமல் நின்ற தறியை எந்தக் கட்டத்தில் எழுதுவது? மீனவர்களுக்குக் கிழக்குக் கடற்கரையில் 61 நாள் தடைக்காலம். அதற்கு நிவாரணம் தருகிறார்கள், தர வேண்டியதுதான். தறிக்காரருக்கும் ஆண்டுதோறும் ஒரு தடைக்காலம் வருகிறது. அதை அறிவிப்பது அரசு அல்ல, வானம். அவ்வளவுதான் வித்தியாசம். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் நடுவில் பட்டுச் சேலை வாங்கப் போகிறவர்கள், ‘ஏன் இன்னும் இறங்கலை?’ என்று கடைக்காரரிடம் சத்தம் போடுமுன் இதைக் கொஞ்சம் நினைத்துக்கொள்ளலாம்.

வீடு இருப்பவர்கள் கதை இது. வீட்டை விட்டு வெளியே தங்குகிறவர்கள் கதை வேறு.

தமிழில் ‘முகாம்’ என்ற சொல் தாராள மனசுக்காரச் சொல். பட்டாளம் தங்கினாலும் முகாம். மலையில் டென்ட் போட்டாலும் முகாம். வீடு மூழ்கிப் பள்ளிக்கூடத்தில் படுத்தாலும் முகாம். புயலுக்கு இந்த மூன்றும் ஒன்றுதான்.

பட்டாளத்தில் ஆரம்பிக்கலாம்; வந்தவாசி பாடப்புத்தகத்தில் வருவதே அதனால்தானே. 1760 ஜனவரி 22-ஆம் தேதி இங்கே பிரெஞ்சுக்காரர்களை ஆங்கிலேயத் தளபதி அயர் கூட் தோற்கடித்தார். அந்த வெற்றியோடு போய்ப் புதுச்சேரியை முற்றுகை போட்டார். ஊரைச் சுற்றி நிலத்தில் கூடாரங்கள், கடலில் கப்பல்கள். அந்த ஆண்டின் கடைசி இரவு, டிசம்பர் 31, புயல் அடித்தது. பொழுது விடிவதற்குள் கப்பல்கள் பல மூழ்கின, சில கரையில் மோதி உடைந்தன. இறந்த மாலுமிகள் ஆயிரத்துக்கும் மேல். கரையில் கூட்டின் முகாமில் கூடாரங்கள் கிழிந்து பறந்தன. இந்தியாவின் தலையெழுத்தை மாற்றிய படை ஒரு மார்கழி இரவில் ஒதுங்க இடமில்லாமல் நனைந்துகொண்டு நின்றது. இருந்தும் இரண்டு வாரத்தில் புதுச்சேரி சரணடைந்தது, அது வேறு கதை. ‘கார்த்திகைக்குப் பின் மழையும் இல்லை, கர்ணனுக்குப் பின் கொடையும் இல்லை’ என்று நம் பழமொழி. அயர் கூட்டுக்கு அது தெரிந்திருந்தாலும் உதவியிருக்காது. 2011-இல் தானே புயல் கடலூரைப் புரட்டியதும் டிசம்பர் 30-ஆம் தேதி, மார்கழியில்தான்.

இன்றைக்கும் இந்த மாதங்களில் வெட்டவெளியில் தங்குகிறவர்கள் எங்கள் பக்கம் நிறைய. வாத்து மேய்க்கிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். ஏரிக்கரையிலோ அறுவடையான கழனியிலோ வலை கட்டி நூற்றுக்கணக்கான வாத்துகளை அடைத்துவிட்டு, பக்கத்தில் நாலு குச்சி நட்டு ஒரு தார்ப்பாய். அதுதான் வீடு, அடுப்பு, படுக்கை. மழை நாளில் அப்படி ஒருவரிடம், “ராத்திரி இங்கயே படுக்கப் போறீங்களாண்ணே?” என்று கேட்டேன். “வாத்து நீந்தும் தம்பி, நாம நீந்தணுமா? ஏரி வாயி கொள்ளாத நிக்கிது. பொழுதோட மேட்டுக்கு ஓட்டிக்கினு பூட வேண்டியதுதான்” என்றார். அவரிடம் ரேடார் படம் இல்லை. ஏரியில் தண்ணீர் காலையில் எந்தப் படியில் இருந்தது, இப்போது எந்தப் படியில் இருக்கிறது என்ற கணக்கு இருந்தது.

இன்னொரு கூட்டம் பக்தர்கள். கார்த்திகையில் மாலை போட்டவர்கள் வேனில் கிளம்பி, கிடைத்த மண்டபத்தில், கிடைக்காவிட்டால் சாலையோரம் படுப்பார்கள். பௌர்ணமிக்கு இரவெல்லாம் கிரிவலம். பர்வதமலையில் ஏறி உச்சியிலேயே இரவு தங்கி வருகிறவர்கள் உண்டு. திருவண்ணாமலையில் 2,668 அடி உயர மலையில் மகாதீபம் ஏற்றும்போது குறிப்பிட்ட எண்ணிக்கையில் பக்தர்களை அனுமதிச் சீட்டு கொடுத்து மேலே விடுவது வழக்கம். ஃபெஞ்சலுக்குப் பிறகு, 2024 டிசம்பர் 13 தீபத்துக்கு அப்படி விடவில்லை. நிபுணர் குழு மலையைப் பார்த்துவிட்டு, மண் இன்னும் இளகியிருக்கிறது என்றதும், தீபக் கொப்பரையும் நெய்யும் எடுத்துச் செல்கிறவர்கள் மட்டும் ஏறினார்கள். சிலருக்கு வருத்தம்தான். மழை விட்டு பத்து நாள் ஆகியும் மலை ஏன் ஆபத்து என்று கேட்டவர்கள் உண்டு. ஊறிய மண் சீக்கிரம் வடிவதில்லை. பாறைக்கும் மண்ணுக்கும் நடுவில் புகுந்த தண்ணீர் எண்ணெய் விட்டது போல வழுக்கும். வெயில் அடிக்கிற நாளிலும் பாறை நகரலாம். அந்த ஆண்டு தடுத்தது சரி என்றே நான் நினைக்கிறேன்.

மூன்றாவது கூட்டம் புதிது. ஐ.டி. கம்பெனியிலோ கல்லூரியிலோ இருக்கிற பிள்ளைகள். ‘மழையில் ஜவ்வாது மலை செம அழகு’ என்று யாரோ போட்ட ரீல்ஸைப் பார்த்துவிட்டு வெள்ளி இரவே டென்ட்டோடு பைக்கில் கிளம்பிவிடுகிறார்கள். அழகு என்பதில் சந்தேகமே இல்லை. போளூர் தாண்டி மலைப்பாதை ஏறும்போது, பனிமூட்டம் வண்டி விளக்கில் பால் மாதிரி வழியும். போகக் கூடாது என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. வனத்துறை அனுமதி இல்லாத இடத்துக்குப் போகாதீர்கள் என்பதை மட்டும் அழுத்தமாகச் சொல்கிறேன். அதற்கு மேல் ஒரு விஷயம்: ஓடை.

டென்ட் போட வருகிறவர்களுக்கு ஓடை மணல்தான் கண்ணில் படும். சமதரை, கல் குத்தாது, தண்ணீர் பக்கத்தில், படத்துக்கு நன்றாக இருக்கும். அந்த மணலை அங்கே கொண்டுவந்து பரப்பியதே போன வருஷத்து வெள்ளம். மலை ஓடையில் வெள்ளம் வர நீங்கள் இருக்கிற இடத்தில் மழை பெய்ய வேண்டியதில்லை. மேலே எங்கோ ஒரு மணி நேரம் கொட்டினால், இங்கே நட்சத்திரம் தெரிகிற இரவில்கூட தண்ணீர் வரும். தெளிந்து ஓடிய நீர் திடீரென்று கலங்கினால், சருகும் சுள்ளியும் மிதந்து வந்தால், ஓடையின் சத்தம் மாறினால், பையை மூட்டை கட்டிக்கொண்டு நிற்காதீர்கள். ஆளை மட்டும் மேலே ஏற்றுங்கள். கணுக்கால் அளவு தண்ணீர்தானே என்று அக்கரைக்கு வண்டியை விடுவதும் வேண்டாம். முழங்கால் அளவு வேகத் தண்ணீர் நிற்கிற ஆளைச் சாய்க்கும். அதற்குக் கொஞ்சம் மேல் ஏறினால் காரை மிதக்க வைக்கும். ஊத்தங்கரையில் அந்த வேன்கள் போனது அப்படித்தான்.

இடி விஷயமும் ஐப்பசிக்கு முக்கியம். பருவமழை தொடங்குகிற நாட்களில் மாலை நேரத்து இடிமழை அதிகம். டென்ட் துணி மின்னலைத் தடுக்காது. தனி மரத்தடியும் தடுக்காது. கான்கிரீட் கட்டடம், அது இல்லையென்றால் கண்ணாடி ஏற்றிய கார். இடிச் சத்தம் காதில் விழுகிறது என்றாலே மின்னல் எட்டுகிற தூரத்தில் இருக்கிறீர்கள்.

மூன்று எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். மாவட்டப் பேரிடர்க் கட்டுப்பாட்டு அறை 1077. மாநிலத்துக்கு 1070. அவசரம் எதற்கும் 112. மலையில் டவர் கிடைக்காது என்பதால், எங்கே தங்குகிறீர்கள், எப்போது இறங்குவீர்கள் என்று வீட்டுக்கு அடிவாரத்திலேயே சொல்லிவிடுங்கள். அம்மா திட்டுவார். திட்டட்டும்.

டென்ட் விரிக்குமுன் பக்கத்தில் ஆடு மேய்க்கிறவரோ, விறகு பொறுக்குகிற பாட்டியோ கண்ணில் பட்டால் ஒரு கேள்வி கேளுங்கள்: “போன மழையில தண்ணி எதுவரைக்கும் ஏறுச்சு?” அவர்கள் யோசிக்கவே மாட்டார்கள். ஒரு மரத்தையோ பாறையையோ கைகாட்டுவார்கள். நீங்கள் நினைத்ததைவிட அது பெரும்பாலும் உங்கள் தலைக்கு மேலே இருக்கும். அதற்கும் மேலே போய் விரித்துக்கொள்ளுங்கள்.